தண்ணி ஏறின மட்டம்

இல்ல சார், அந்த முன்கதவை எழுதிக்காதீங்க. அது வெள்ளத்துக்கு முந்தியே உடைஞ்சது. எங்க வீட்டுக்காரர், ஒரே உதை. தண்ணி உடைச்சது பின்கதவு. என்னா வேகங்கிறீங்க! கீல் ரெண்டும் பிய்ஞ்சு, கதவு நடுவீட்டுக்கே வந்து தையல் மிஷினை மோதிச் சாய்ச்சிடுச்சு. அதை எழுதிக்குங்க. நம்பர் மிஷினுக்கு அடியில இருக்கு. ஐயோ, துடைக்கல சார், விரலால லேசாத் தடவிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

உங்க இன்சூரன்ஸ் பேப்பரை மூணு தடவை படிச்சுட்டேன்ல. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன், ஆனா படிச்சது மண்டையில நிக்கும். நீங்க வந்து பாக்குற வரைக்கும் நனைஞ்சதை வீசக் கூடாது, கறையைக் கழுவக் கூடாது, தண்ணி ஏறின கோடு சுவத்துல அழியக் கூடாது. எல்லாம் அப்படியே இருக்கு. மெத்தைதான் நாறுது, மன்னிச்சுக்குங்க. பாப்பா மேலயும் அதே நாத்தம். சிரிக்கிறதைப் பாருங்க, வெக்கமே இல்ல.

அவரா? பில்லுக்கெல்லாம் மூணு மூணு நகல் வேணும்னு கடைக்கு அனுப்பியிருக்கேன். ஆமா சார், பேப்பர்ல ஒண்ணுதான் கேட்டிருக்கு. எனக்குத் தெரியும். கொஞ்சம் சீக்கிரம் அளந்துடலாமா?

டேப்போட இந்த முனையை நான் பிடிக்கிறேன். ரெண்டரை அடி. இப்ப பீரோவைப் பாருங்க, அதுலயும் அதே கோடு, மட்டம் பிசகல. அப்ப பீரோ அசையவே இல்லைன்னுதானே அர்த்தம்? அதையும் எழுதுவீங்கள்ல? போட்டோவுல தேதி விழும்ல? நல்லதாப் போச்சு.

தலையில இதுவா? எட்டுத் தையல். வெள்ளத்துல பீரோ சாய்ஞ்சு விழுந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரியில அவரே சொல்லிட்டார். நான் போலீஸ் ஸ்டேஷன் போய் நடந்ததைச் சொன்னா, வெள்ளத்துல யாருக்கும்மா அடிபடல, போய் வீட்டைப் பாருங்கிறாங்க.

டிவியை விட்டுட்டுப் புள்ளையைத் தூக்கிட்டேனாம், அதான் கோவம். முட்டிக்கு மேல தண்ணி, இடுப்புல இவ. முடியைக் கொத்தாப் பிடிச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவதுல காரை பெயர்ந்துடுச்சு. கொத்தனார் சார் அவரு, அவரே பூசின சுவரு, தரத்தைப் பாத்துக்குங்க. இவ மூஞ்சியெல்லாம் என் ரத்தம்.

தண்ணி வடிஞ்சதும் வாளியைத் தூக்கிட்டு வந்து, சுவத்தைக் கழுவுடின்னு நின்னார். கழுவினா இன்சூரன்ஸ் வராதுங்கன்னு உங்க பேப்பரை வரி வரியாப் படிச்சுக் காட்டினேன். வாளியைக் கீழ வச்சுட்டார். இந்தத் துணியை மட்டும் ஆணியில மாட்டி மறைச்சு வச்சார்.

விலக்கிப் பாருங்க. தரையிலேர்ந்து அளங்க. நாலடி எட்டு, சரியா? இது தண்ணியால வந்த சேதம் இல்லைன்னு ஒரே ஒரு வரி, கையெழுத்துப் போட்டு. அந்தச் சுவத்துக்கு நஷ்டஈடு எதுவும் வேணாம்.

பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க. நான் சுவத்துல சாய்ஞ்சு நிக்கிறேன், தையல் எந்த மட்டத்துல வருதுன்னு அளந்துக்குங்க. செருப்பைக் கழட்டிட்டேன் சார், அளவு பிசகாது.