ஆமைக்கு இன்னும் தெரியாது

— நான் இன்னும் உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள சிரிக்கிறியேடா.

— சிரிக்காம என்னக்கா பண்றது? உம் புருஷன் கம்பெனி டேட்டா மொத்தமும் காலங்காத்தால காலி. பழைய ஆளுங்க ஒருத்தர் விடாம போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. என்னைத் துரத்தி விட்டதுலேர்ந்து இந்த ஒரு சேதிக்குத்தான் காத்திருந்தேன்.

— அது சரி. எப்படிப் போச்சுன்னு சொன்னாங்களா?

— மாமா கைங்கரியம்தான், வேற யாரு. சோதனைக்குன்னு ஒரு டேட்டாபேஸ், நிஜமா ஓடறது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சிருப்பாரு. கை தப்பக் கூடாதேன்னு நிஜத்தோட விண்டோவுக்கு மட்டும் சிவப்பு கலர் வச்சிருந்தேன். கண்ணை உறுத்துதுன்னு அதை எடுத்துட்டாரு. இன்னிக்கு சோதனைன்னு நெனச்சு நிஜத்தைத் துடைச்சுட்டாரு.

— அவரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காரு. தலைல கைய வச்சு உக்காந்திருக்காரு.

— நல்லா உக்காரட்டும். கம்பெனியை வாங்கப் போறவங்க நாளைக்குத்தானே வர்றாங்க?

— நாளைக்குத்தான். கையெழுத்துக்கு முன்னாடி டேட்டாவை ஒரு தடவை பாப்பாங்களாம்.

— எதைக் காட்டுவாரு? வெறும் கையையா? நாடு முழுக்க தையல்கடைங்கள்ல எடுத்த உடம்பு அளவெல்லாம் எங்ககிட்ட இருக்குன்னு மேடைக்கு மேடை பீத்திக்கிட்டாரே.

— ஏண்டா, டேட்டாவோட காப்பி வேற மெஷின்ல இருக்காதா? ஒண்ணுக்கு மூணா வச்சிருக்கோம்னு நீதானே சொல்லுவ.

— அதெல்லாம் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதற மெஷினுங்கக்கா. இங்க எழுதினா அங்கயும் எழுதும். இங்க அழிச்சா அந்த நொடியே அங்கயும் அழிச்சிடும். அதை நம்பாதீங்க, தனியா பேக்கப் வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

— அந்த பேக்கப் என்ன ஆச்சு?

— டிஸ்க் நிரம்பி நின்னு பல மாசமாகுதாம். இன்னிக்குத் தேடறப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க. நிரம்பினா எச்சரிச்சு மெயில் வரும். யாருக்கு வரும் சொல்லு.

— உனக்கா?

— என் பழைய ஆபீஸ் மெயிலுக்கு. அதைத்தான் மாமா என்னை வெளிய அனுப்பின அன்னிக்கே மூடிட்டாரே.

— அது சரி. அப்போ ஒண்ணுமே மிச்சமில்ல.

— ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆமை.

— ஆமையா?

— கிழட்டு மெஷின் ஒண்ணு. அதுவும் காப்பிதான், ஆனா வேணும்னே அரைநாள் பின்தங்கி வர்ற மாதிரி வச்சிருந்தேன். காலைல நடந்தது அதுக்கு சாயங்காலம்தான் தெரியும். எங்கயோ படிச்சுட்டு ஆசை ஆசையாச் செஞ்சேன். பையன் ஆமை வளக்கிறான்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேலி பண்ணாரு. உனக்கு புரோகிராம்தான் எழுதத் தெரியும், கம்பெனி நடத்தத் தெரியாதுன்னாரு.

— அது இன்னும் ஓடுதா?

— ஓடிக்கிட்டுதான் இருக்கு. எதுக்கு ஓடுதுன்னுதான் அங்க ஒருத்தருக்கும் தெரியல. மாமா எப்பவோ மறந்திருப்பாரு. ஆறு மணி வாக்குல அழிக்கச் சொன்ன உத்தரவு அதுக்கும் போய்ச் சேரும். அதுக்குள்ள நிறுத்தினா எல்லாமே பத்திரம். நிறுத்தறது ஒரு வரி வேலை.

— நீ யார்கிட்டயும் வாயத் திறக்கலையே?

— எதுக்குத் திறக்கணும்? தினம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ் எப்படி ஞாபகம் வச்சுக்குது, எப்படி மறக்குதுன்னு உக்காந்து படிக்கிறேனே, அறிவு வளரணும்னா? வயித்தெரிச்சல்க்கா. கம்பெனி ஆரம்பிக்கறப்ப பங்கை எப்படி எழுதிக்கணும்ங்கிறதையே என் பங்கு போனப்புறம்தான் கத்துக்கிட்டேன். இன்னிக்கு அவரு கத்துக்கட்டும்.

— அப்போ ஆறு மணி தாண்டிட்டா அதுலயும் ஒண்ணும் இருக்காது.

— ஏன்க்கா, கண்ணைத் துடைக்கிற?

— ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தா. அழாதக்கா. அவர் மேல இருக்கிற ஆத்திரத்துல உன்னை மறந்துட்டேன். அந்தக் கம்பெனி போனா நீயும்தானே நடுத்தெருவுல நிப்ப. சரி, போனை எடு. அவரோட நான் பேச மாட்டேன். நான் சொல்லச் சொல்ல நீ அப்படியே சொல்லு. உனக்காகத்தான், அவருக்காக இல்ல.

— போனைக் கீழ வை.

— நேரம் போகுதுக்கா. இப்ப சொன்னாக்கூடக் காப்பாத்திடலாம்.

— காப்பாத்துன்னு நான் எப்படா சொன்னேன்?

— பின்ன எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?

— வாங்கப் போறவங்க போன வாரம் வீட்டுக்கு வந்தாங்க. அந்த அளவுல முதல் பாதி என் தையல்கடைல, நான் நாடா பிடிச்சு எடுத்தது. ஒவ்வொருத்தியா நிக்க வச்சு, முட்டி வலிக்க வலிக்க. அவங்ககிட்ட என்னைக் காட்டி, இவ வீட்ல சும்மாதான் இருக்கான்னு சொன்னாரு உங்க மாமா.

— அக்கா.

— அவரு கை ஒண்ணும் தப்பலடா. அவரு குளிக்கப் போனப்ப லேப்டாப் திறந்தே கிடந்தது. ஆறு மணி வரைக்கும் நான் இங்கயேதான் இருக்கப் போறேன், யாரு கூப்பிட்டாலும் நீ போனை எடுக்காத.