பாதித் தலை

ஆடாதீங்கண்ணே, அப்புறம் காதுக்கு நான் பொறுப்பில்ல. ஆமா, மெதுவாத்தான் வெட்டுறேன். ஊரடங்குல கடையப் பூட்டிப் போட்டதுல கை மறந்துடுச்சு. உங்களுக்கு வீட்ல அண்ணிதான் வெட்டி விட்டாங்களா? பின்னாடி பாத்தாலே தெரியுது. ஏதோ கோவத்துல இருந்திருக்காங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், எம்பொண்ணு. எட்டாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்த மூடிட்டு, இனிமே பாடமெல்லாம் போன்லதான்னுட்டாங்க. எங்கிட்ட இருக்கிறதோ பட்டன் போனு. டார்ச் அடிக்கலாம், பாம்பு விளையாட்டு ஆடலாம், அறிவியல் வராது. இதுல டீச்சர் வேற, அமைதியான ரூமா பாத்து உக்காருன்னு சொல்றாங்களாம். எங்க வீடே ஒரு ரூமுதாண்ணே. அமைதி வேணும்னா மத்த நாலு பேரும் வெளிய போகணும். அப்போ வெளிய போனா போலீஸ் துரத்தும்.

பக்கத்து வீட்டக்கா பாவம், அவங்க போனக் குடுத்தாங்க. அந்தக்காவும் அவங்க தங்கச்சியும் மாமியாரத் திட்டி மெசேஜ் போட்டுக்குவாங்க போல. பாடம் நடக்கையில அது ஒண்ணொண்ணா மேல வந்து நிக்கும். கணக்கு மறந்துடுச்சு, அது மட்டும் மறக்கல எம்பொண்ணுக்கு. ஒருநாள் அந்த மாமியார்கிட்டயே போயி, நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க, அக்கா காத்துக்கிட்டிருக்காங்கன்னு கேட்டுட்டா. அதோட அந்தப் போனும் போச்சு.

சிரிக்காதீங்க, கத்திரி ஆடுது.

அப்புறம் பாருங்க, வகுப்புக்கு வராத புள்ளைங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்காங்க. எதுல? அதே போன் குரூப்புல! எங்களுக்குத் தெரிஞ்சதே நேத்துதான். இன்னைக்குப் பரீட்சை. இதையும் எழுதலன்னா மறுபடி எட்டாவதேதானாம். அழுது அழுது மூஞ்சி வீங்கிப்போச்சு புள்ளைக்கு. ஊர்ல இருக்கிற தலையெல்லாம் அழகாக்கி விடுறேன், பெத்த புள்ளைக்கு ஒண்ணும் பண்ண முடியலையேன்னு வயிறு எரிஞ்சுதுண்ணே.

உங்க போனா? பத்திரமா இருக்கு. முடி விழுமேன்னு வாங்கி வெச்சேன்ல. ஐயோ, எந்திரிக்காதீங்க, வலது பக்கம் மட்டுந்தான் முடிஞ்சிருக்கு. கண்ணாடியப் பாருங்க, இடது பக்கம் அப்படியே காடு.

ஆமா, அந்தத் திரைக்குப் பின்னாடிதான். போன் தனியா இல்ல, துணைக்கு அவ இருக்கா. நீங்க பாட்டு கேட்டுக்கிட்டே குடுத்தீங்களா, லாக்கும் தொறந்திருந்துச்சு. உங்க போட்டோவெல்லாம் பாக்க மாட்டா, நல்ல புள்ள.

இன்னும் மூணு கேள்விதான் பாக்கியாம். உக்காருங்கண்ணே, பாதித் தலையோட எங்க போவீங்க?