மஞ்சள் பூசிய மண்வெட்டி

எங்கள் ஊர் ஏரித் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட ஒரு சொம்பு குடித்துவிட்டுத் தண்ணீரின் ருசியைத்தான் முதலில் சொல்வார்கள். நீங்களும் குடித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள் சார். அவசரமில்லை.

என் பெயர் அப்பாதுரை. பஞ்சாயத்துத் தலைவனாக இது ஒன்பதாவது வருஷம். ஏரிக்கரையை உயர்த்திக் கல் பதிக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் செருப்புத் தேய நடந்தவன் நான்தான். அறுபத்தெட்டில் அந்த வேலை வந்தது என்றால் அது என்னால் வந்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஏரிக்கரையில் வெட்டுவாய் என்று ஓர் இடம் உண்டு. தாங்காத மழை வந்து ஏரி தளும்பினால், கரை தானாக எங்கேயாவது உடைந்து ஊரை அடித்துப் போவதற்கு முன், நாமே அந்த இடத்தில் வெட்டித் தண்ணீரை வெளியே விட வேண்டும். போகிற தண்ணீர் எங்கள் குடும்பத்து நிலத்தின்மேல் போகும். என் பாட்டனாரின் பாட்டனார் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அதற்குப் பதிலாக ஆடி மாதம் அம்மன் கோயிலில் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்கு. வெட்டுகிற மண்வெட்டியும் எங்கள் வீட்டில்தான் இருக்கும், மஞ்சள் பூசி, பூஜை அறையில். எங்கள் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் ஏரிக்காவல்காரன் கரையில் கை வைக்கலாம்.

நெல் விளைந்த காலத்தில் இது ஒரு பெரிய தியாகமே இல்லை. ஒரு போகம் போனால் அடுத்த போகம் வரும். ஆனால் நான் அந்த நிலத்தில் தறிக்கொட்டகை போட்டிருந்தேன். பன்னிரண்டு குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதில் கால் வைத்து உட்கார்ந்து நெய்கிற தறி. தண்ணீர் வந்தால் முதலில் குழிதான் நிரம்பும். பாவு நனைந்து பட்டு சாயம் விட்டுவிட்டால் அதை யார் வாங்குவார்கள்? விவசாயம் மட்டுமே பார்த்த குடும்பம் பட்டுக்கு வந்து நிமிர்கிற நேரம். நீங்களே என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

அதனால் வெட்டுவாயை அடைத்தேன்.

வைகாசி கருடசேவையன்று செய்தேன். அன்றைக்கு எங்கள் ஊரில் நாய்கூட இருக்காது, எல்லாம் விடியற்காலையிலேயே காஞ்சிபுரம் போய்விடும். கரை வேலையைப் பார்க்க வந்த ஓவர்சியர் ஆதிகேசவன் நாமம் போட்ட மனிதர், கருடசேவையை விட மாட்டார். கரை வேலை செய்த காலனி ஆட்களையும் லீவு கொடுத்து, கல் ஏற்றும் லாரியிலேயே ஏற்றி அனுப்பி வைத்தேன். பெண்டுபிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு போனார்கள். வாலாஜாபாத்திலிருந்து ஆறு கொத்தனார்கள் வந்தார்கள். வெட்டுவாயின் உள்ளே கல்லும் சிமெண்டுமாகச் சுவர் எழுப்பி, மேலே மண் போட்டு, புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து பதித்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்கள். கல்லுக்கு எங்கே போவது? கிழக்குக் கோடிக்கு என்று இறக்கி வைத்திருந்ததில் எடுத்தேன். கிழக்குக் கோடிக்குக் கீழேதான் காலனி. அங்கே கரை பழைய மண்ணாகவே நின்றுவிட்டது. ஓவர்சியர் கேட்டபோது, கல் குறைவாக வந்தது என்றேன். அந்த வருஷம் ஆடியில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருஷம் மழை அளவாகப் பெய்தது. என் தறிகள் பன்னிரண்டு பதினெட்டாயின. நான் செய்ததில் தப்பில்லை என்று வானமே சொல்வதாக நினைத்தேன்.

நான்காவது வருஷம் ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஏரிக்காவல்காரன் வீராசாமி வாசலில் வந்து நின்றான். காலனிக்காரன். அவன் அப்பன் என்னை ஆண்டே என்று கூப்பிடுவான், இவன் அய்யா என்பான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. காலம் மாறுகிறது.

"அய்யா, தண்ணி கரைய தொட்டுக்கினு நிக்குது. கெழக்கால மண்ணு ஊறிக்கினே வருது. இனி தாங்காது. வெட்டிடலாமா?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வெட்டினா உங்க தறியெல்லாம் பூடுமே அய்யா" என்றான்.

என் மனைவி லோகாம்பாளுக்கு எல்லாம் தெரியும். கொத்தனார்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் அவள். என்னை உள்ளே கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்: "கல்லு கட்டியிருக்குதுன்னு சொல்லிடுங்க. மானம் போனா போவட்டும். அவங்க புள்ளைங்கள தூக்கிக்கினு பள்ளிக்கூடத்துக்காவது வந்துடுவாங்க."

நியாயமான பேச்சுதான். மறுக்கவில்லை. ஆனால் வாசலில் வீராசாமியோடு ஊர்க்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். எங்கள் முன்னோர் கொடுத்த வாக்கை நான் களவாகக் கல் வைத்து அடைத்துவிட்டேன் என்று அந்த இருபது பேர் முன்னால் என் வாயால் எப்படிச் சொல்வது? அவளுக்கு அது புரியவில்லை.

பூஜை அறைக்குப் போனேன். மண்வெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் வீராசாமியிடம் கொடுத்தேன். "தறி போனால் போகட்டும். போய் வெட்டு" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சார், இந்த ஊரில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை.

காலனியில் திடமான ஆண்கள் அத்தனை பேரையும் வீராசாமி கரைக்குக் கூட்டிப் போனான். வீட்டுப் பெண்களிடம், பயப்பட வேண்டாம், அய்யா மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார், இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதனால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. அவன் சொன்னதை நம்பினார்கள். அவன் நான் சொன்னதை நம்பினான்.

ஒரு முழம் மண்ணுக்குக் கீழே கல். பக்கத்தில் வெட்டியிருக்கலாமே என்கிறீர்கள். இரண்டு பக்கமும் கல் பதித்து நான் உயர்த்திய புதுக்கரை. நல்ல வேலை. மாறி மாறி இரண்டு மணி நேரம் வெட்டினார்கள். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இரும்பு கல்லில் படுகிற சத்தம் மழையோடு கேட்கும். லோகாம்பாள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவளே ஓடிப்போய்ச் சொல்லிவிடக் கூடாது என்று வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு நான் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்குச் சத்தம் நின்றது. கிழக்குக் கோடி உடைந்துவிட்டது.

பதினான்கு பேர். அதில் ஒன்பது குழந்தைகள். வீராசாமியின் பெண்டாட்டி எல்லம்மாள், இரண்டு பெண் பிள்ளைகள். ஆண்கள் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள்தான் கரைமேல் இருந்தார்களே.

நான்காம் நாள் வீராசாமி வந்தான். முறைப்படி மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா. கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். அதன் வாய் மடிந்துபோயிருந்தது.

"கல்லு இருந்துதுபா. சிமிட்டி போட்ட கல்லு" என்றான். அய்யா என்று சொல்லவில்லை, கவனித்தேன். "உனக்குத் தெரியாதா?"

"ஓவர்சியர் வேலையாக இருக்கும்" என்றேன்.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து லோகாம்பாள் எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் பேசுவதில்லை. ஆதிகேசவனை எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

போன வாரம் கரையைப் பழுது பார்க்க வந்தவர்கள் வெட்டுவாயைத் தோண்டிக் கல்லைப் பார்த்துவிட்டார்கள், நீங்களும் வந்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அடைத்தது நான். கிழக்குக் கோடிக் கல்லை எடுத்தது நான். அங்கே வெட்ட முடியாது என்று தெரிந்தே, காலை பத்து மணிக்கு அவனை அனுப்பியதும் நான். உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் இருந்தது, ஒரு குழந்தையும் செத்திருக்காது. எல்லாம் எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு விஷயம். அந்த மண்வெட்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போவதாக ஏட்டையா சொன்னார். ஆடிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார். அதற்கு மஞ்சள் பூசுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் உண்டு. கேட்டு வந்தவனுக்கு அதை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பரம்பரையில் ஒருவரும் இருந்ததில்லை.