சுவத்துல மாட்டின ரெண்டு கை

அந்த நாற்காலி வேணாங்க, இதுல உக்காருங்க. முன்னாடி உக்காந்திருந்தவரு முழங்கால்ல என்ன எண்ணெயைத் தடவிக்கிட்டு வந்தாரோ, மொத்தத்தையும் அதுல தேச்சுட்டுப் போயிருக்காரு. தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. துடைங்கடான்னா யாரு கேக்குறா இங்க?

முதல் தடவையா? பாத்ததுமே தெரிஞ்சுது. புதுசா வர்றவங்கதான் அந்த மீன்தொட்டியை எட்டிப் பாப்பாங்க. உள்ள மீன் இருக்குன்னு ஒரு நம்பிக்கைதான், யாரு கண்டா. இந்த வாடையா? உள்ள வைத்தியன் ஏதோ மூலிகையைக் கொளுத்துறான், உடம்புக்குச் சூடு ஏத்துறதுக்காம். எனக்கென்னவோ பழைய மெத்தை எரியுற மாதிரிதான் இருக்கு. அதோட ஸ்பீக்கர்ல அருவிச் சத்தம் வேற, காலைலேந்து ஓடுது. மனசு அமைதியாகுமாம். அமைதியும் ஆகல ஒண்ணும் ஆகல, பாதிப் பேரு எந்திரிச்சு பாத்ரூம் எங்கன்னுதான் கேக்குறாங்க.

கைவிரலா? தேய்மானமா, முடக்குவாதமா? ஓ, முடக்குவாதம்னு ரத்தம் எடுத்துப் பாத்தே சொல்லிட்டாங்களா. என்ன வேலை பாக்குறீங்க? கேக் மேல க்ரீம்ல பூப் போடுறதா! அடடா. விரல் கொஞ்சம் மக்கர் பண்ணினாலே பூ கோணிக்குமே. அதான் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்திருக்கீங்க. நானும் விரலை வச்சுப் பொழச்சவதான். வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அவரு வாயை மூடுறதுக்குள்ள நான் அடிச்சு முடிச்சிருப்பேன்.

மாத்திரை குடுத்திருக்காங்கல்ல? சாப்பிடுறீங்களா? ம்... வயித்தைப் புரட்டுதா. அதை நிறுத்திட்டு இதுக்கு மாறிடலாம்னு பாக்குறீங்க. யாரு குடுத்த யோசனை? நாத்தனாரா? அவங்க கை நல்லாத்தானே இருக்கு. அப்புறம் என்ன, அடுத்தவங்க கைக்கு எதை வேணா சொல்லலாம்.

அற்புதமான வைத்தியம்ங்க! கைராசின்னா அப்பிடி ஒரு கைராசி! நானெல்லாம் எப்பிடி வந்தேன், இப்ப எப்பிடி இருக்கேன்!

...போயிட்டானா? பயந்துட்டீங்களா, பாவம். திரை ஆடிச்சு, அதான். அவன் தலையை நீட்டினா நான் இப்பிடித்தான் கத்துவேன், கண்டுக்காதீங்க.

இந்த அக்குபங்சர் ஊசி மேல எனக்குக் கோவம் இல்லீங்க, நியாயமாப் பேசணும். வலிக்குக் கேட்டுச்சு எனக்கு. ராத்திரி தூங்கினேன், காலைல விரலை மடக்க வந்துச்சு. மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டே இதையும் போட்டுக்குறவங்க இருக்காங்க, அது வேற கதை. இவன் என்ன பண்ணுவான் தெரியுமா? நாக்கை நீட்டச் சொல்லுவான். நாடி புடிப்பான். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு பெருமூச்சு விடுவான் பாருங்க, உங்களுக்காக உசுரே போற மாதிரி. விட்டுட்டு, அந்த மாத்திரை விஷம்மா, அது உடம்பை விட்டுப் போனாத்தான் ஊசி வேலை செய்யும், இன்னையோட நிறுத்திடுங்கன்னுவான்.

எனக்கும் இதே முடக்குவாதம்தான், நானும் நிறுத்தினேன். வலி போச்சு, வியாதி போகல. சத்தமே இல்லாம உள்ள உக்காந்து மூட்டைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. ஒரு நாள் மோதிரம் கழலல. விரல் வீங்கி நீலம் பாய்ஞ்சு, கடைசில நகைக்கடைக்காரரு சின்ன ரம்பத்தை வச்சு அறுத்துத்தான் எடுத்தாரு. தோல்லயும் பட்டுருச்சு. அதுக்கப்புறம் ஓடினேன் பழைய டாக்டரம்மாகிட்ட. எக்ஸ்ரேவைப் பாத்துட்டு அவங்க என்னைத் திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா தேவலாம். இனிமே வர்றதை மாத்திரை தடுக்கும், போனதைத் திருப்பித் தராதும்மான்னாங்க. இப்ப ஒழுங்கா முழுங்குறேன், இவனுக்குத் தெரியாம. மாவு டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். வெக்கக்கேடு.

கையையா? வெளிய எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. இந்தப் புழுக்கத்துல மடியில சால்வை எதுக்குன்னு நெனச்சீங்க? வர்றவங்க மிரண்டுருவாங்களாம்.

அப்புறம் ஏன் வர்றேன்னா கேக்குறீங்க? நான் எங்கங்க வர்றேன். கார்ல ஏத்திட்டு வந்து உக்கார வச்சுட்டு உள்ள போயிடுறான். புதுசா வர்றவங்களுக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்ல ஆள் வேணும்ல.

என்னது, சுவத்துல இருக்குற படமா? அதை நாத்தனார் போன்ல அனுப்பினாங்களா? அதைப் பாத்துட்டா வந்தீங்க? எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க போங்க. சிகிச்சைக்கு முன்னு கோணல் கை. சிகிச்சைக்குப் பின்னு நேரான கை. எந்திரிச்சுக் கிட்டப் போய்ப் பாருங்களேன். நேரான கையில மோதிரம் இருக்கா? ஓரத்துல கறுப்பா டைப்ரைட்டர் தெரியுதா? அதை வெட்ட மறந்துட்டான். இப்ப அந்தக் கோணல் கையைப் பாருங்க. மோதிர விரல்ல ஒரு கீறல் தழும்பு இருக்கும்.

இந்தாங்க, சால்வையை எடுத்துட்டேன். ஒத்துப் பாத்துக்கோங்க.

ரெண்டும் என் கைதான். கீழ இருக்குற எழுத்தை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கான். என் கையைப் புடிச்சு மேசை மேல வச்சு மெதுவா விரலை ஒவ்வொண்ணா விரிச்சப்ப, பாத்துட்டு அழப் போறான்னு நெனச்சேங்க. போனை எடுத்துப் படம் புடிச்சான்.

எம் புள்ளைதான், வேற யாரு. படிச்சு முடிச்சதும் மொத ஊசி எனக்குத்தான் போட்டான். ஊசியைத் தோல் வரைக்கும் கொண்டு வந்துட்டு கையை இழுத்துக்கிட்டான். பயப்படாதடா, குத்துன்னு நான்தான் சொன்னேன்.

பையை எடுத்துட்டீங்களா? நல்லது. வயித்தைப் புரட்டுறதை அந்த டாக்டர்கிட்டயே சொல்லுங்க, ஏதாவது வழி பண்ணுவாங்க. நீங்க பூப் போடணும்ல.

இல்லடா, அவங்களுக்கு ஏதோ அவசர வேலையாம், கெளம்புறாங்க. நான் ஒண்ணும் சொல்லலடா.

கதவை நீங்களே தெறந்துக்கோங்கம்மா. அந்தக் குமிழைத் திருக எனக்கு வராது.