மேரு தொழிற்சாலையில் வேஃபர்களில் விழுந்த வரிகள்

பெயர் சந்திரகலா, த/பெ வேலாயுதம். வயது 34. கிள்ளான், மேரு சாலையில் தாயாருடன் குடியிருக்கிறேன். மேருவில் உள்ள சிலிக்கன் தொழிற்சாலையில் ஆய்வு அதிகாரி. 1997 நவம்பரில், போலீஸ் அதிகாரி கேட்டதன்பேரில் தமிழில் சொல்வது.

எங்கள் பிரிவில் ஓர் இயந்திரம் இருக்கிறது. வேஃபர் என்கிற வட்டச் சிலிக்கன் தகட்டை ஓர் அலுமினிய வளையத்தால் இறுக்கி அதனுள் வைத்து, காற்றை வெளியேற்றிவிட்டு, ஆர்கன் அயனிகளை நேராக அதன்மேல் பாய்ச்சுவோம். மேற்பரப்பு அணு அணுவாகத் தேய்ந்து வழவழப்பாக வரும். அந்த அறையைத் திறக்கும் அட்டை என்னிடமும் டெக்னீஷியன் கார்த்திகேசுவிடமும் மட்டுமே உண்டு.

கடந்த மாதம் ஆயுத பூசைக்கு எல்லா ஆண்டும்போல் இயந்திரத்தைத் துடைத்தோம். அதன் பிறகு கார்த்திகேசு வெளிக்கதவில் சந்தனம், குங்குமம் வைத்தான். நான் கற்பூரம் காட்டினேன். அதன் பிறகு எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனோம்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து வேஃபர்கள் கெட்டுப்போயின. நுண்நோக்கியில் பார்த்தால், மோரிப் கடற்கரையில் தண்ணீர் வடிந்தபின் மணலில் கிடக்குமே, அந்த மாதிரி வரி வரியாகத் தெரிந்தது. வாயுவை மாற்றினேன், அழுத்தத்தை மாற்றினேன், வேஃபரின் சாய்வைச் சரிபார்த்தேன். வரி போகவில்லை. அதன் பிறகு மேனேஜர் குமரப்பன், யாரோ வேண்டுமென்றே சரக்கைக் கெடுக்கிறார்கள் என்று இந்தப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

கார்த்திகேசுவை அழைத்து விசாரித்தார்கள். அவன் உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். லோக்கப்பில் அவனைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “என் குங்குமம்தான் உள்ள விழுந்திருக்கும் மேடம். வேற என்ன? நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்.” முட்டாள் என்று திட்டினேன். குங்குமம் கதவுக்கு வெளியே இருந்தது, உள்ளே போக வழியே இல்லை. அவன் மனைவி நல்லம்மாள் ஜெஞ்சாரோமிலிருந்து பேருந்து ஏறி என் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு குமரப்பன் என்னை அறைக்கு அழைத்தார். குங்குமம் காரணமில்லை என்று சொன்னேன். அவர் சொன்னது: “அவன் இல்லன்னா நீதான். ரெண்டு அட்டைதானே இருக்கு. பேசாம இரு லா.” வாயைத் திறந்தால் நான் உள்ளே, திறக்காவிட்டால் அவன் உள்ளே. பயமாகத்தான் இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். கெட்ட வேஃபர்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். வளையத்தின் ஓரத்தில் வரி நெருக்கம், நடுவுக்கு வர வர மங்கல். பூசைக்காக அந்த வளையத்தைப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். அதில் ஒட்டிய இரும்பு, அயனி படும்போது தெறித்துச் சிலிக்கன்மேல் விழுகிறது. இரும்பு விழுந்த இடம் மெதுவாகத் தேய்கிறது, மற்ற இடம் வேகமாகத் தேய்கிறது; அந்த மேடு பள்ளம்தான் வரி. இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதனால் குமரப்பனிடம் சொன்னபோது சிரித்தார். ஆனால் மறுநாளே, அந்த வளையத்தை வரும் திங்கட்கிழமை அமிலத்தில் கழுவும்படி உத்தரவு போட்டார். கழுவிவிட்டால் கார்த்திகேசுவுக்குச் சாட்சி இல்லை. அதை இன்றே எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிய வளையம் ஒன்று, அந்த வளையம் ஒன்று, இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். பொய் என்றால் என்னைப் பிடியுங்கள்.

வளையத்தை இரும்பு நாரால் தேய்க்கச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன். பூசைக்கு முந்தின நாள் கார்த்திகேசு வளையத்தை வெளியே எடுத்து மெல்லிய துணியால்தான் துடைத்துக்கொண்டிருந்தான். பிரிக்பீல்ட்ஸில் பூசைச் சாமான் வாங்கிவந்த பையிலிருந்து இரும்பு நாரை எடுத்து, “ஹெட் ஆபீஸ் ஆளுங்க வராங்க, நல்லா மின்னணும்” என்று அவன் கையில் கொடுத்தவர் புகார்தாரர் குமரப்பன். அவரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. மறுநாள் நான் காட்டிய கற்பூரத்தை முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவரும் அவர்தான்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. சொல்லாமல் இருக்கத்தான் மிரட்டினார்கள்.

ஒப்பம்: வே. சந்திரகலா