அடியில் போன கட்டுரை

மருத்துவமனை நூலகத்தில் ஏசி நன்றாக வேலை செய்யும். அதற்காகவே வந்து உட்காருகிற டாக்டர்கள் உண்டு. நீங்களும் சௌகரியமாக உட்காருங்கள். விசாரணை அதிகாரிக்கும் வியர்க்கத்தானே செய்யும்.

என் வேலை தேடித் தருவது. உலகம் முழுக்க வெளிவருகிற மருத்துவ ஆய்வுகள் கணினித் தரவுத்தளங்களில் கொட்டிக் கிடக்கின்றன. டாக்டர் கேள்வியைச் சொல்வார். நான் சரியான சொற்களைப் போட்டுச் சலித்து, கட்டுரைகளின் சுருக்கங்களை அனுப்புவேன். அவர்கள் அதைப் படிப்பார்கள் என்பது ஐதீகம்.

சிறுநீரகப் பிரிவின் பெரிய டாக்டர் முதல் கட்டுரையின் சுருக்கத்தில் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். அதோடு மனுஷருக்கு ஞானம் பூர்த்தி. நுனிப்புல் மேய்கிற மாடுகூட இரண்டு வாய் கடிக்கும். அவர்தான் நிர்வாகக் கூட்டத்தில், என்னை எதிரே வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பல்லாம் போன்ல தட்டினா எல்லாம் வந்துடுது. இதுக்கு ஒரு ரூம், ஒரு ஆளு, தண்டச் சம்பளம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

மறு வாரம் அவரே கூப்பிட்டார். சிறுநீரகக் கோளாறோடு ஒரு தையற்காரப் பெண் வந்திருக்கிறாள். கல்லீரலும் பழுது. இன்ன மருந்தைக் கொடுக்கலாமா?

தேடினேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்று பழைய கட்டுரைகள் சில. கல்லீரல் பழுதானவர்களுக்கு அது எமன் என்று போன மாதம் வந்த பெரிய ஆய்வு ஒன்று.

வழக்கமாகப் புதியதை மேலே வைப்பேன். அன்று வரிசையை மாற்றினேன். அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை முதலில். கணினியில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது, நான் கண்டுபிடித்ததல்ல. புதுக் கட்டுரையை இன்னும் யாரும் மேற்கோள் காட்டவில்லை, அதனால் அடிக்குப் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். தட்டிலேயேதான் வைத்தேன். ஓரமாக.

"சூப்பர்" என்று பதில் வந்தது. மருந்தும் ஆரம்பித்தார்கள்.

நான் சாப்பிடப் போகிற வழியில்தான் அந்த வார்டு. எட்டிப் பார்த்தேன். அவளுக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, இந்த மருந்து நல்லதுதானே? பொண்ணுக்குப் பரீட்சை வருது. நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

"பெரிய டாக்டர் படிச்சுப் பாத்துதாம்மா கொடுக்கறாரு. பயப்படாதீங்க."

அதில் பொய் இருந்தால் அது அவருடைய பொய்.

அவள் செத்த பிறகு அவள் கணவர் இங்கே வந்தார். "என்ன ஆச்சுன்னு யாருமே வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க சார்" என்று அழுதார். பாவமாக இருந்தது. அதே தேடலை அச்செடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் புதியதை மேலே வைத்தேன். அதை எடுத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தார்.

டாக்டருக்குப் போன தாளும் கணவருக்குக் கொடுத்த தாளும் ஏன் வேறு வேறு வரிசையில் இருக்கின்றன என்று கேட்டீர்கள். பரவாயில்லையே, இரண்டையும் கடைசிவரை படித்திருக்கிறீர்கள். இந்தக் கட்டடத்துக்குள் அப்படி வந்த முதல் ஆள் நீங்கள்.

டாக்டர் அடிவரை படிக்க மாட்டார் என்று தெரிந்துதானே அனுப்பினாய் என்கிறீர்கள். ஆமாம், தெரிந்துதான். மஞ்சள் கண்ணைப் பார்த்த அன்றுகூட ஒரு போன் போட்டிருந்தால் மருந்தை நிறுத்தியிருப்பார்கள், அவள் பிழைத்திருப்பாள். போடவில்லை. தண்டச் சம்பளக்காரன் எதற்குப் போட வேண்டும்?

இப்போது எல்லா டாக்டர்களும் அடிவரை படிக்கிறார்கள். நூலகத்தை மூடும் பேச்சே இல்லை. அம்மாவின் உயிர் வீண்போகவில்லை என்று அவள் மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவசரமில்லை, பரீட்சை முடியட்டும்.