இடது பக்கக் கண்ணாடி

ராத்திரி மூன்றே முக்கால். ராயக்கோட்டையைத் தாண்டிவிட்டால் அந்தச் சாலையில் ஒரு விளக்கு கிடையாது. மழை வேறு... கௌதமின் சித்தப்பா ஆஞ்சப்பன் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்.

ஓசூர் விடுதி அறையில் கரண்ட் போயிருந்தது. நான்கு பேரும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கௌதம்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஞ்சப்பன் போவது கல்லாவிக்கு. அங்கே கூன் விழுந்த அவருடைய அம்மா இறந்துவிட்டாள். மூச்சுத் திணறல். தங்கை காவேரி போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஏழரைக்கு ராகு காலம்ணா. அதுக்குள்ள எடுத்துடுவாங்க. மூஞ்சியப் பாக்கணும்னா வந்துடு." அவருக்கு அழுகை வரவில்லை. உடம்பே மரத்துப்போன மாதிரி... கை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.

கார் இருபது வருஷப் பழசு. திடீரென்று இடது வைப்பர் படுத்துவிட்டது. வலது ஓடுகிறது. சாலையின் இடது ஓரம் தெரியாவிட்டால் பள்ளத்தில் இறங்க வேண்டியதுதான். நிறுத்தினார்.

கம்பெனியில் அவருக்கு மெயின்டனன்ஸ் வேலை. கோளாறு தேடும்போது நன்றாக இருப்பதை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவார். இரண்டு வைப்பருக்கும் மோட்டார் ஒன்றுதான். ஒன்று ஓடுகிறதென்றால் ஃபியூஸ் நல்லது, மோட்டார் நல்லது. அப்படியென்றால் கோளாறு மற்றதன் அடியில்...

"பேய் வருமாடா, இல்ல இது வைப்பர் பாடமா?" என்றான் கட்டிலில் பக்கத்தில் இருந்த ஹரீஷ்குமார்.

"இருடா. இது தெரிஞ்சாத்தான் மிச்சம் புரியும்."

ஆஞ்சப்பன் இடது வைப்பரின் அடி மூடியைக் கழற்றினார். நட் தளர்ந்திருந்தது. தண்டு சுற்றுகிறது, அதன் மேல் மாட்டிய வைப்பர் கை சுற்றவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினார். சுவிட்சைப் போட்டார். சரக்... சரக்... இரண்டும் ஓடின. ஈர ரப்பர் வாசம்.

ஆனால் இடது பக்கம் தெளியவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். வைப்பர் அதன் மேலேயே போய் வருகிறது, அது போகவில்லை. வெளியே நின்று அந்த இடத்தில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். கோடு விழவில்லை.

மங்கல் உள்பக்கம்.

மழையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும். உள்ளே இருக்கிற ஆளின் சூடான மூச்சு பட்டால் ஆவி படியும். முகத்துக்கு நேரே படியும். அந்த சீட்டில் ஆள் இல்லை.

துண்டால் துடைத்தார். போனது. காரை எடுத்தார். காவேரிப்பட்டணம் வருவதற்குள் மறுபடி அதே இடத்தில்... தாழ்வாக, கூன் விழுந்த ஒருத்தர் உட்கார்ந்தால் முகம் இருக்கிற உயரத்தில். பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. பிறகு அவர் துடைக்கவில்லை.

கல்லாவிக்குள் நுழைந்ததும் அது தானாக மறைந்தது. மணி ஆறே முக்கால்.

அம்மாவைக் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் காவேரி உட்கார்ந்து, மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நேரம் நல்லாத்தாண்ணா தெரிஞ்சுது. இப்பத்தான்... தொடச்சுக்கிட்டே இருக்கறேன், போவ மாட்டேங்குது."

பெட்டிக்குள் குளிர், வெளியே சூடு. அப்படியிருந்தால் வெளிப்பக்கம்தான் நீர் பூக்கும். துடைக்கிற துணி நனையும். அது அவருக்குத் தெரியும். தங்கையின் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

காய்ந்திருந்தது.

குனிந்தார். முகம் தெரியவில்லை. மூக்கில் வைத்த பஞ்சு மட்டும் வெள்ளையாக... அதற்கு நேர் மேலே மங்கல் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

"நேரமாச்சு. எடுக்கலாமா?" வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஆஞ்சப்பன் சரி என்று தலையாட்டினார்.